மூலையில் வைத்த மை

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே, வளையல் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்பது அக்பர் அலியின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, மீலாது ஊர்வலம் எதுவானாலும் ஹாரனும் ஆம்ப்ளிபயரும் இங்கிருந்துதான் போகும். ஆனால் அவையெல்லாம் வருஷத்தில் சில மாதங்களுக்குத்தான். மற்ற நாட்களில் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அக்பர் அலியின் மனைவி ஜான் பீயின் குரல்.

தெருத்தெருவாகச் சரக்கு விற்கும் வண்டிக்காரர்கள் விடிந்ததும் பென்டிரைவோடு வந்து நிற்பார்கள். தக்காளி, வெங்காயம், கல்லுப்பு, கருவாடு, பிளாஸ்டிக் குடம், பழைய இரும்பு என்று ஆளுக்கொரு சரக்கு. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. வெளிச்சத்தம் நுழையாதிருக்க நாலு சுவரிலும் கம்பளி தொங்கும். ஜான் பீ உள்ளே போய், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டுத் தொடங்குவார். "தக்காளீ... தக்காளீ... பாலக்கோட்டுத் தக்காளீ!" சரக்கின் பெயரில் குரல் மேலே ஏறும். விலை சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம் சொல்வதுபோலத் தணிந்து இறங்கும். அந்த இறக்கத்தில்தான் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடையோடு வெளியே வருவார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும் வண்டிகளுக்குக் கன்னடத்திலும் கூவித் தருவார். ஏரியூரிலிருந்து ஓசூர் வரை அவர் குரல் போகாத தெரு குறைவு. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால், "ஏம்மா ஜான் பீ, நேத்து எங்க தெருவுல உப்பு வித்துட்டுப் போனியே, வூட்டுக்குள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போகக் கூடாதா?" என்று யாராவது கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் சென்றாயன் போட்ட சண்டை. தக்காளி வண்டிக்காரன். மண்டியில் விலை விடியற்காலையில் ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று. ஒருநாள் நடுப்பகலில் வண்டியைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"இதென்னாங்க பாய் அநியாயம்! மைக்குல அக்கா கிலோ இருவதுன்னு கூவுது. மண்டியில வெல ஏறிப்போச்சு, நான் இருவத்தஞ்சுங்கறேன். பொம்பளைங்க எல்லாம் ஒட்டுக்கா சேந்துக்கிட்டு, 'அந்தம்மா சொன்ன வெலைக்குக் குடு, நடுவுல நீ யாரு?'ங்கறாங்க. வண்டி என்துங்க, தக்காளி என்துங்க, வெல மட்டும் அக்காதுங்களா?"

"மைக்க நிறுத்திட்டு நீயே வாயால கூவறது."

"நான் கூவுனா கதவச் சாத்தறாங்க பாய். வந்தவங்களாச்சும் சும்மா வாங்குறாங்களா? ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கிப் பாத்தே அரைக் கூடைய ரசமாக்கிடறாங்க. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

"அமுக்கறதுக்கு வழி எவனும் இன்னும் கண்டுபுடிக்கல," என்றார் அக்பர் அலி. "வெலைக்கு வேணா அக்கா திரும்பக் கூவும். சித்த இரு."

அன்று விடுமுறைக்கு வந்திருந்த மகள் அன்ஜும் மாடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கூடவே வேலை பார்த்தவள் அதியமான்கோட்டைத் தேவிப்பிரியா. கல்லூரியிலிருந்தே ஒட்டிக்கொண்ட சிநேகிதி. இரண்டு பேரும் பேசிப் பேசி, வேலையை விட்டுவிட்டு, மைக் செட் கடை மாடியில் மேசை போட்டு உட்கார்ந்து செய்ததுதான் 'கூவு'. ஜான் பீயைக் கம்பளி அறையில் உட்கார வைத்து எண்கள், எடைகள், காய்கறிகள், மீன்கள் எல்லாவற்றையும் ஏற்றியும் இறக்கியும் சொல்ல வைத்தார்கள். வண்டிக்காரன் கைப்பேசியில் சரக்கையும் விலையையும் தட்டினால் போதும்; அதே இழுப்பில், அதே ரகசியத்தில், அந்த நிமிஷத்து விலையை ஜான் பீ கூவுவார். சொந்தக் குரலில் கூவ விரும்புகிறவன் தன் எண்களையும் சரக்குகளையும் தன் மொழியில் சொல்லிக் கொடுத்துவிட்டால், அவன் குரலிலேயே கூவும்.

சென்றாயனுக்குப் பிடித்துப்போயிற்று. பாலக்கோட்டு வண்டிக்காரர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அக்பர் அலி தலையாட்டவில்லை.

"இவனுங்க எல்லாம் என் மொகத்துக்காக வாங்கறவனுங்க," என்றார். "நாளைக்கு நீ களிமண்ண உருட்டிக் குடுத்தாலும் 'பாய் பொண்ணு குடுத்துச்சு'ன்னு வாங்கிப்பானுங்க. யாவாரம்னா அது இல்ல பேட்டா. நம்மள யாருன்னே தெரியாதவன் ஒருத்தன், சரக்குக்காக வரணும். ஒரே ஒருத்தன் போதும். அதான் போணி. அது ஆகாத வரைக்கும் இது வெளையாட்டு."

அதற்குள் பெங்களூர் நிறுவனம் இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டது. திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். மெத்தை, கேஸ் அடுப்பு, பெட்டிகளை ஏற்றிப்போகச் சென்றாயன் வண்டி பேசியாகிவிட்டது. அன்ஜும் அப்பாவிடம் ஒரு நாள் கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை. அன்று 'டெய்லி ஷெல்ஃப்' என்ற இணையதளத்தில் 'கூவு' வெளியாகும். தெரியாதவன் ஒருத்தன் வந்தால் திங்கட்கிழமை வண்டி வேண்டாம். வராவிட்டால் வண்டி ஏறுவது.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லி ஓட்டுப் போட வெக்கக் கூடாது," என்றார் அக்பர் அலி.

"சொல்ல மாட்டோம்ப்பா."

"உன் மாமன் நிசார் அகமதுக்கு முக்கியமாச் சொல்லாத. அவன் தர்மபுரி பூராவையும் கூட்டிட்டு வந்துருவான்."

*

வெள்ளிக்கிழமை ஆடிக் காற்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது. மண்டியிலிருந்து பழுத்த தக்காளி வாசனையும் வைக்கோல் தூசியும் சேர்ந்து மாடிவரை வந்தன. கடை முன்னால் கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்தது. ஜான் பீ குஷ்காவுக்கு அரிசி ஊறவைத்திருந்தார். தால்சாவுக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

பத்து மணிப் பேருந்தில் தேவிப்பிரியாவின் அம்மா தீர்த்தம்மாள் வந்து இறங்கினார். கையில் தூக்குப்போசி, உள்ளே களி உருண்டைகளும் கொள்ளுக் கடைசலும். வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டுக்கும் நல்ல நாள் என்று முடிவு செய்ததே இந்த இரண்டு அம்மாக்கள்தான். அந்த வீட்டில் பேச்சு உருதுதான் என்றாலும் தேவிப்பிரியா வந்துவிட்டால் எல்லோரும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். தீர்த்தம்மாள் வந்தால் தமிழ் இன்னும் சத்தமாக நடக்கும்.

"எத்தன மணிக்குடி தொறக்குது உங்க கடை?" என்றார் தீர்த்தம்மாள், படியேறிய மூச்சு வாங்க.

"பன்னெண்டரைக்கும்மா. அமெரிக்காவுல அப்பத்தான் நாள் பொறக்குது."

"பட்டப் பகல்ல எங்கடி நாள் பொறக்கும்? நல்ல ஊருதான் போ. அதுல என்னா பண்ணுவாங்க?"

தேவிப்பிரியா பொறுமையாகச் சொன்னாள். "நம்ம தக்காளி மண்டி மாதிரிதாம்மா. ஒலகத்துல யாரெல்லாம் புதுசா ஒண்ணு செஞ்சாங்களோ, அவங்கவங்க கூடையக் கொண்டாந்து வரிசையா வெப்பாங்க. பாக்கறவங்களுக்குப் புடிச்சா ஒரு அம்புக்குறிய அமுக்குவாங்க. நெறய பேரு அமுக்குனா கூடை மேல ஏறும். மறுநாள் அதே நேரத்துக்கு வேற கூடைங்க வந்துரும்."

"எடுக்காத கூடைய என்ன பண்ணுவாங்க? மண்டியில மாட்டுக்குக் கொட்டிருவாங்க."

"அம்மா!"

"தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

அன்ஜும் மடிக்கணினியைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். 'கூவு' செயலியின் முகப்பில் வைக்கப்போகும் படம். மஞ்சள் பின்னணியில் ஒரு பெரிய ஹாரன்; அதன் வாயிலிருந்து தக்காளியும் வெங்காயமும் மீனும் துள்ளி வருகின்றன. தீர்த்தம்மாள் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"இவ்ளோ லட்சணமா வெச்சிருக்கீங்க. ஊரு ஒலகம் பூரா பாக்கப்போவுது. ஒரு பொட்டு மை கூட இல்லயே?"

சொல்லிக்கொண்டே இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, விரலில் தொட்டு, கணினித் திரையின் மூலையில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

"ஐயோ, அம்மா! திரைம்மா அது!"

அன்ஜும் துப்பட்டா நுனியால் துடைத்தாள். தீர்த்தம்மாள் முகம் விழுந்துவிட்டது. சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்த ஜான் பீ மகளை முறைத்தார்.

"எதுக்குத் தொடச்ச? நாங்களும் வெப்போம். உனக்கு மூணு வயசு வரைக்கும் கன்னத்துல வெக்காம நான் தெருவுல எறங்குனதில்ல."

"அம்மி, இது கம்ப்யூட்டர். அமெரிக்காக்காரன் இந்தத் திரையைப் பாக்க மாட்டான். படத்தைத்தான் பாப்பான்."

"அப்ப படத்துல வையி," என்றார் தீர்த்தம்மாள்.

"அதான் சொல்றாங்கல்ல, படத்துல வையி," என்றார் ஜான் பீ.

இரண்டு அம்மாக்களும் ஒரே பக்கம் நின்றால் எதிர்ப்பக்கம் யாரும் நிற்க முடியாது. வீட்டில் சமாதானம் முக்கியம் என்று அன்ஜும் படத்தைத் திறந்து, வலது பக்கம் கீழ் மூலையில், உருண்டையாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா," என்றார் தீர்த்தம்மாள். "பாக்கறவன் கண்ணு மொதல்ல அதுல விழணும். அதுக்குத்தான் வெக்கறது."

பெரிதாக்கினாள். தீர்த்தம்மாள் திருப்தியாக விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அக்பர் அலி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். படிக்கட்டில் நின்று மேலே பார்த்தார்.

"நான் துஆ கேக்கறேன். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்."

"தெரியும்ப்பா. தெரியாதவன் ஒருத்தன்."

"சரக்குக்காக."

"சரக்குக்காக."

*

பன்னிரண்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனதும் பக்கம் திறந்தது. அன்றைய வரிசையில் 'கூவு' வந்து உட்கார்ந்தது. முன்னும் பின்னும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்த கூடைகள். கொஞ்ச நேரத்தில் யாரோ அம்புக்குறியை அமுக்கினார்கள். இன்னும் சிலர் அமுக்கினார்கள். தேவிப்பிரியா மேசையைத் தட்டினாள். தீர்த்தம்மாள் கடவுள் பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் கருத்து வந்தது. நெதர்லாந்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தேவிப்பிரியா வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"யோசனை நல்லாருக்கு. ஆனா அந்தக் கறுப்புப் பட்டன் வேலை செய்யல."

"எந்தப் பட்டன்?" என்றாள் அன்ஜும்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் தீர்த்தம்மாளைப் பார்த்தார்கள். தீர்த்தம்மாள் களி உருண்டையைத் தட்டில் வைத்து நடுவில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் பார்க்கிறவனுக்கு வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு வட்டம் இருந்தால் அது அமுக்குவதற்குத்தான். எல்லாச் செயலியிலும் அந்த இடத்தில்தான் பட்டன் இருக்கும். இவர்களே அதைப் பல முறை அங்கே வைத்தவர்கள்தான். மை வைக்கும்போது கன்னம் ஞாபகம் வந்ததே தவிர, பட்டன் ஞாபகம் வரவில்லை.

அடுத்தடுத்து வந்தன. கனடாவிலிருந்து ஒருவர்: பல தடவை அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர்: என் கைப்பேசியில் கோளாறா, உங்கள் பொருளில் கோளாறா? கடைசியில் பெங்களூரிலிருந்தே ஒருவர் எழுதினார்: வெளியிடுவதற்கு முன் ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்திருக்கலாமே. அதற்குக் கீழே பலர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். மேலே ஏறிய கூடை இறங்கத் தொடங்கியது.

"எடுத்துரலாம்," என்றாள் தேவிப்பிரியா. "படத்த மாத்திரு. இப்பவே."

அன்ஜுமின் கை விசைப்பலகைக்குப் போனது.

"எதை எடுக்கறீங்க?" என்றார் தீர்த்தம்மாள், வாயில் களியோடு.

"உன் மையைத்தாம்மா. எல்லாரும் அதைப் பட்டன்னு நெனச்சு அமுக்கறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்! கனடாக்காரன் ஒருத்தன் அமுக்கி அமுக்கி விரல் வலிக்குதுங்கறான்!"

தீர்த்தம்மாள் களியை விழுங்கினார். எழுந்து, எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைக்கு எதிரே குனிந்தார். கனடாவுக்கே கேட்கும்படி அதட்டினார்.

"யாருய்யா அது, கொழந்தக்கி வெச்ச மையப் போயி அமுக்கறது! கைய எடுய்யா! அறிவிருக்குதா? இன்னிக்கித்தான் பொறந்திருக்குது, அதுக்குள்ள எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்கணுமா?"

ஜான் பீ சிரிக்கத் தொடங்கினார். கரண்டியைப் பிடித்த கை குலுங்கியது. தேவிப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்ஜும் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மி, அடுப்ப நிறுத்துங்க."

"தால்சா கொதி வரல."

"கொதி அப்பறமேட்டு வரட்டும். உள்ள வாங்க, மைக்குக்கு. பட்டன்னுதான நெனக்கறாங்க? பட்டனாவே ஆக்கிருவோம். அமுக்குனா நீங்க பேசுங்க. அத்தை சொன்னதையே சொல்லுங்க, உங்க கொரல்ல."

கம்பளி அறையில் நாலு பெண்கள் நிற்க இடமில்லை, இருந்தும் நின்றார்கள். ஜான் பீ முக்காட்டை ஒதுக்கினார். வெந்நீர் குடித்தார்.

"'அறிவிருக்குதா' வேணாம்," என்றார். "வாங்க வந்தவங்கள அப்பிடிக் கேக்கக் கூடாது."

"அறிவிருந்தா அமுக்குவானா?" என்றார் தீர்த்தம்மாள்.

"இருந்தாலும் வாடிக்கைக்காரன். வையறதையும் சிரிச்சுக்கிட்டு வையணும். அப்பத்தான் திரும்ப வருவான்."

"சரி, 'கைய எடுய்யா'வாச்சும் இருக்கட்டும்."

"'எடுங்க'. ரெண்டு தடவ சொல்றேன். போதுமா?"

"போதும். கண்ணு படும்ங்கறத வுட்றாத."

"விடல, விடல. நீ தள்ளி நில்லு, வளையல் சத்தம் விழுது."

ஜான் பீ கண்ணை மூடிக்கொண்டார். தக்காளி கூவும் அதே ஏற்றத்தில் தொடங்கினார்.

"யாரு சாமி அது, மையத் தொடறதூ? கையை எடுங்க... கையை எடுங்க! பாப்பா இன்னிக்குத்தான் பொறந்திருக்குது, கண்ணு பட்டுரும்! வந்தது வந்தீங்க, சும்மா போவாதீங்க. வெலையக் கேட்டுட்டுப் போங்க..." கடைசியில் அந்த ரகசிய இறக்கம்: "உங்களுக்குன்னா கொறச்சுத் தர்றேன்."

"கொறச்சுத் தர்றேன்னு நான் சொல்லலியே," என்றார் தீர்த்தம்மாள்.

"அது இல்லாம எனக்கு முடிக்க வராது."

அன்ஜும் குரலைப் பொட்டில் கட்டினாள். தேவிப்பிரியா அதன் அர்த்தத்தை ஆங்கிலத்தில் எழுதி, அமுக்கும்போது கீழே ஓடும்படி வைத்தாள். கருத்துப் பகுதியில் ஒரு குறிப்பும் போட்டாள்: இது பட்டன் அல்ல; புதிதாகப் பிறந்ததற்குக் கண் படாமல் இருக்க எங்கள் அம்மாக்கள் வைத்த மை; நீங்கள் எல்லோரும் அமுக்கிவிட்டதால் அவர்களுக்குக் கோபம்; கோபத்தைக் கேட்க இன்னொரு தடவை அமுக்கவும்.

*

அக்பர் அலி தொழுகை முடிந்து வந்தபோது பின்னாலேயே சென்றாயனும் வந்தான். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வண்டி கொண்டுவருவது என்று கேட்க வந்தவன். குஷ்கா வாசனைக்கு உட்கார்ந்துவிட்டான். மாடியில் ஒரே சிரிப்பாக இருந்தது. நெதர்லாந்துக்காரர் தன் அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு அமுக்க வைத்தாராம். கனடாக்காரர் மறுபடி அமுக்கியிருந்தார், விரல் வலியோடு. பெங்களூர்க்காரர் கூட, என் அம்மாவும் இப்படித்தான் என்று எழுதி அம்புக்குறியை அமுக்கிவிட்டுப் போயிருந்தார். கூடை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அக்பர் அலியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி. எத்தன பேரு வாங்குனாங்க?"

சிரிப்பு நின்றது.

"சிரிக்கறவங்கதான் வந்திருக்காங்க. இன்னும் யாரும் எடுக்கல," என்றாள் அன்ஜும்.

"அது எப்பிடின்னாங்க பாய்," என்றான் சென்றாயன், சோற்றைப் பிசைந்தபடி. "என் வண்டியச் சுத்தியும் கூட்டம் நிக்கும். தக்காளிய உருட்டுவாங்க, அமுக்குவாங்க, மருமவளப் பத்திப் பேசுவாங்க, சிரிப்பாங்க. கடேசில ஒருத்தி கொத்தமல்லி மட்டும் கேப்பா. அதுவும் ஓசில."

"வாய மூடிக்கிட்டுச் சாப்புடு," என்றார் ஜான் பீ.

பிற்பகல் முழுவதும் அப்படியே போனது. காற்று தார்ப்பாயை ஒரு பக்கம் பிய்த்துவிட்டது. அக்பர் அலி ஏணி போட்டு ஏறிக் கட்டினார். கூடை ஒன்பதாம் இடத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. பெயர் பதிந்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள் அன்ஜும். ஒருவர் படிக்கிற மாணவர், பார்த்துவிட்டுப் போக வந்தவர். ஒருவர் இதேபோல் ஒன்று தானும் செய்யப்போவதாகச் சொன்னார். ஒருவர் தர்மபுரி.

"பேரு?"

"என்.ஏ. டிரேடர்ஸ்."

"நிசார்தான் அது. கணக்குல வராது. யாரு அவனுக்குச் சொன்னது?"

ஜான் பீ வெங்காயம் நறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

வெயில் சாய்ந்தது. தீர்த்தம்மாள் ஊருக்குக் கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டார். தேவிப்பிரியா மாடி மூலையில் இருந்த மெத்தைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே கயிறு போட்டுக் கட்டியது. சென்றாயன் போவதா இருப்பதா என்று தெரியாமல் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

மஃரிப் பாங்கு முடிந்து, அக்பர் அலி தொழுதுவிட்டுக் கடையில் விளக்குப் போட்ட நேரம். மாடியிலிருந்து அன்ஜும் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை, அதனாலேயே எல்லோரும் படியேறினார்கள்.

துருக்கியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பெயர் எம்ரே. கோன்யா என்ற ஊர்ப் பக்கம். அன்ஜும் வரி வரியாகச் சொன்னாள்.

"'நீங்க வெச்ச பொட்டை எடுத்துராதீங்க. எங்க ஊர்ல இதுக்கு நீலக் கலர்ல ஒரு கண்ணாடி மணி தொங்கவிடுவோம். எங்க வண்டியிலயும் தொங்குது. அதைப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன்.'"

"வண்டியா? என்னா வண்டி?" என்றான் சென்றாயன்.

"'நானும் எங்க அத்தையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வண்டியில விக்கறோம். ஹாரன்ல அத்தை கொரல்தான் ஓடுது. வெலை மாறும்போதெல்லாம் பழைய வெலையே கத்திக்கிட்டு இருக்கு. ஜனங்க அத்தை சொன்ன வெலைக்குத்தான் குடுக்கணும்ங்கறாங்க.'"

சென்றாயன் எழுந்து நின்றுவிட்டான். "பாய்! நான் சொன்னதுங்க! அப்பிடியே நான் சொன்னது! அந்த ஊர்லயுமா?"

"'அத்தையோட எண்ணு, காய் பேரு எல்லாம் சொல்ல வெச்சு ஏத்திட்டேன். ஒரு மாசத்துக்குப் பணமும் கட்டிட்டேன். சரியா வந்திருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.'"

அன்ஜும் அந்த ஒலிப்பதிவை ஓடவிட்டாள். தொலைதூரத்துப் பெண்குரல் ஒன்று, கரகரப்பாக, மாடியை நிறைத்தது. "பட்டாத்தெஸ்... சோஆன்..." உருளைக்கிழங்கு என்பதில் குரல் மேலே ஏறியது. வெங்காயத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியது. விலையில் ஏறியபடியே நின்றது.

எல்லோரும் ஜான் பீயைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல கொரல். புகையிலை போடுவாங்க போல. வெலையச் சொல்றப்ப மட்டும் ஏறுது. எறங்கணும். இப்பிடிச் சொன்னா ஜனங்க பயந்துக்குவாங்க. வெந்நீர் குடிச்சுட்டுத் திரும்பச் சொல்லச் சொல்லு."

"அங்க வெங்காயம் என்ன வெலைன்னு கேளு," என்றார் தீர்த்தம்மாள்.

அக்பர் அலி மகளுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தாளு நிசாருக்குத் தெரிஞ்சவனா?"

"இல்லப்பா."

"நிசாரோட சகலை துபாய்ல இருக்கான். அவன் மூலமா எவனாச்சும்?"

"துபாய் வேற, துருக்கி வேறப்பா."

"உன் கூடப் படிச்சவன்? வேலை பாத்தவன்?"

"வெங்காயம் விக்கறவருப்பா. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நம்ம யாருன்னே அவருக்குத் தெரியாது."

"என் மொகம் தெரியாது."

"தெரியாது."

"சரக்குக்காக வந்தான்."

"மைக்காக உள்ள வந்தான், சரக்குக்காக எடுத்தான்," என்றார் தீர்த்தம்மாள். "அதையும் சேத்துச் சொல்லுங்க பாய்."

அக்பர் அலி எழுந்தார். கடையில் முதல் விற்பனையானால் வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவது அவர் வழக்கம். இப்போது கையில் வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு கணம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வெறுங்கையையே இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"போணி ஆயிருச்சு. சென்றாயா, திங்கக்கெழம வண்டி வேணாம்."

"அதெப்பிடிங்க பாய்? பெங்களூரு டிரிப்புன்னு நான் லோடே எடுக்கலன்னு மண்டியில சொல்லிட்டனே! வண்டியில என்னத்த ஏத்தறது?"

"தக்காளி ஏத்து."

தேவிப்பிரியா மெத்தைக் கட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் தீர்த்தம்மாள் பல்லால் கடித்து இழுத்தார். அன்றைக்குக் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அந்த மெத்தையிலேயே படுத்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை காற்று தணிந்து வெயில் அடித்தது. 'கூவு' ஒன்பதாம் இடத்திலேயே தன் நாளை முடித்திருந்தது. மாடியில் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. எம்ரேயின் அத்தைக்கு விலையை இறக்கிச் சொல்ல வரவில்லை என்று இரண்டு நாளாகக் குரல் போய் வந்துகொண்டிருந்தது.

சென்றாயன் வண்டி தெருவுக்குள் வந்தது. கேஸ் அடுப்பும் பெட்டிகளும் ஏற வேண்டிய இடத்தில் தக்காளிக் கூடைகள் ஏறியிருந்தன. அன்றைய விலையை ஜான் பீயின் குரல் அச்சுப் பிசகாமல் கூவியது. பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஜான் பீயும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடையோடு இறங்கினார். ஒரு தக்காளியை எடுத்தார். பெருவிரலால் மெல்ல அமுக்கினார்.

சென்றாயன் வேறெங்கோ பார்த்தபடி கைப்பேசியில் ஒரு கறுப்புப் பொட்டைத் தட்டினான். ஹாரன் அலறியது.

"யாரு சாமி அது, மையத் தொடறதூ? கையை எடுங்க... கையை எடுங்க!"

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். ஜான் பீயும் எடுத்துவிட்டார். தெருவே சிரித்தது. மாடி ஜன்னலில் அன்ஜுமும் தேவிப்பிரியாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"டேய் சென்றாயா, என் கொரல வெச்சு என்னையே அதட்றியா?"

"என்துன்னு ஒண்ணுமில்லீங்கக்கா. அதட்டறதும் நீங்க, அமுக்கறதும் நீங்க. நடுவுல நான் யாரு?"

ஜான் பீ நிமிர்ந்து ஹாரனைப் பார்த்தார். அதுவும் கடைசி வரிக்கு வந்து, குரலைத் தணித்து, ரகசியமாகச் சொல்லி முடித்தது: "உங்களுக்குன்னா கொறச்சுத் தர்றேன்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் ஜான் பீ, கூடையை நீட்டி. "அந்தம்மா சொன்ன வெலைக்குப் போடு."